ஜோடிப் பாடம்

என் மாமா மகன் ஒரு சாயங்காலம் தோட்டத்துக் கானுக்குள், பெரிய வாய்க்காலுக்குள், விழுந்து, கையைக் கொடு என்று என்னைக் கூப்பிட்டான். எனக்கு நன்றாகக் கேட்டது. திரும்பியும் பார்த்தேன். பிறகு நடந்து போய்விட்டேன். அவன் தமிழில் கூப்பிட்டான் என்பதுதான் அப்போது நான் வைத்திருந்த காரணம்.

எனக்கு அப்போது பதினொரு வயது. அவன் என்னைவிட ஒரு வயது இளையவன். மலேசியாவின் புக்கிட் ரோத்தானில் எங்கள் அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், மளிகைக்கடை இருந்தது. கீழே கடை, மேலே வீடு. காலையில் மற்றப் பிள்ளைகளோடு சாதாரணப் பள்ளிக்குப் போவோம். மதியம் சோறு தின்றுவிட்டு, சொங்கோக் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பள்ளிவாசலுக்குப் பின்னாலிருந்த பலகைக் கட்டடத்தில் சமயப் பள்ளி. அங்கே பல வருஷமாக அரபு எழுத்தைப் பார்த்து ஓதிக்கொண்டிருந்தோம். ராகமாக ஓதுவோம், தப்பில்லாமல் ஓதுவோம். ஒரு குவளைத் தண்ணீர் வேண்டும் என்று அந்த மொழியில் கேட்க எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த வருஷம் புதிதாக வந்த சமய ஆசிரியருக்கு, உஸ்தாஸுக்கு, இது பொறுக்கவில்லை. கிளந்தான்காரர், எகிப்தில் படித்துத் திரும்பியவர். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவன் நன்றாகப் படிப்பவன், இன்னொருவன் பின்தங்கியவன். வாத்தியாரிடம் பேசப் பயப்படுகிற பிள்ளை தன்னைப் போன்ற பிள்ளையிடம் பயப்படாது என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். பின்னாளில் அதைப் பற்றி நானே மேடைகளில் பேசியிருக்கிறேன். சொல்லிக் கொடுக்கிறவனுக்குச் சட்டைப் பையில் குத்திக்கொள்ள ஒரு பச்சை ரிப்பன் தந்தார். அதோடு ஒரு விதியும் தந்தார். வேலிக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே போகும்வரை ஜோடிக்குள் அரபு மட்டும்தான். உன் ஜோடி மலாயிலோ தமிழிலோ பேசினால் திட்டாதே, அடிக்காதே. காதில் விழாதது மாதிரி இரு. தானாக அரபுக்கு வந்துவிடுவான்.

எனக்கு ஜோடியாக வந்தவன்தான் மாமா மகன். வந்தான் என்று சொல்வதைவிட, அம்மா கேட்டு வாங்கினார் என்பதுதான் சரி. மாமா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். வாரக்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டார். மாமி தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவர், மாமாவைக் கட்டிக்கொள்வதற்காக மதம் மாறியவர். கல்யாணத்துக்குப் பிறகும் குடும்பம் அதே லயத்தில்தான் இருந்தது. பையனுக்கு ஓதல் வரவில்லை என்றால் எங்கள் வீட்டில் அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை, தாய் அப்படி என்பார்கள். ஆகவே நான் அவனைத் தூக்கி நிறுத்த வேண்டும். இதை எனக்கு யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனாலும் நான் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

முதல் பாடம் ஒரு சின்ன உரையாடல். கேள்விகள் என் பங்கு, பதில்கள் அவன் பங்கு. நான் சலாம் சொல்வேன், அவன் பதில் சலாம் சொல்வான். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்பேன். நலம், அல்ஹம்துலில்லாஹ், நீ எப்படி இருக்கிறாய் என்பான். நானும் நலம் என்பேன். இது என்ன என்று கேட்பேன். இது கதவு என்பான். இவன் யார் என்று கேட்பேன். இவன் என் நண்பன் என்பான். பையன் எங்கே என்று கேட்பேன். பையன் வீட்டில் இருக்கிறான் என்பான். அவ்வளவுதான். அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டும் என்பார் உஸ்தாஸ்.

அவனுக்கு வந்தது. மற்றவர்கள் நினைத்த மாதிரி அவன் மக்கு இல்லை. ஆனால் நடுநடுவே தமிழுக்குத் தாவிவிடுவான். நாய் குட்டி போட்ட கதை, மாமா வாங்கி வந்த பட்டாசுக் கதை, எல்லாம் உடனே சொல்லியாக வேண்டும் அவனுக்கு. நான் காது கேளாதவனைப் போல முகத்தை வைத்துக்கொள்வேன். அந்த முகம் எனக்கு வெகு சுலபமாக வந்தது. கண்ணை அவன் மேலேயே வைத்திருப்பேன், ஆனால் அவனைத் தாண்டிப் பார்ப்பேன். அவன் கெஞ்சிப் பார்ப்பான், கிச்சுகிச்சு மூட்டுவான், கடைசியில் சோர்ந்துபோய் "அன பிஃகைர்", நான் நலம், என்பான். நான் உடனே சிரித்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்பேன். ஒருவனைச் சோர வைத்து வழிக்குக் கொண்டுவருவதில் இருக்கிற ருசியை அந்த வயதில் நான் கண்டுவிட்டேன்.

உஸ்தாஸின் விதி வேலியோடு முடிந்தது. நான் அதை நீட்டினேன். பள்ளி விட்டதும் அவனோடு செம்மண் கொட்டிய தோட்டத்துப் பாதையில் பாலம்வரை போய் விட்டுவிட்டு வருவது என் வழக்கம். பாலம்வரை அரபுதான் என்று ஒருநாள் சொன்னேன். அதைக் கேட்டு அத்தா கடையில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார்.

பாதையின் ஒரு பக்கம் செம்பனை. மறு பக்கம் பெரிய கான். தோட்டத்துத் தண்ணீரையெல்லாம் ஆற்றுக்குக் கொண்டுபோகிற கான் அது. எங்கள் பக்கத்து மண் கறுத்த சதுப்பு மண், தண்ணீரும் கறுப்பாகத்தான் இருக்கும். வருஷக் கடைசி மழையில் கரை ஊறி, மிதித்தால் சப்பென்று உள்வாங்கும்.

நான் சொல்லவந்த நாள் விடுமுறைக்கு முந்திய கடைசி நாள். உஸ்தாஸ் அன்று மாலையே ஊருக்குக் கிளம்பிவிட்டார். மழை விட்டிருந்தது, காற்று நிற்கவில்லை. வழியில் அவன் தமிழில் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது போல ஏதோ. நான் வழக்கமான முகத்தை வைத்துக்கொண்டேன். அவன் நிறுத்தவில்லை. அதனால் வேகமாக நடந்து அவனை முந்திப் போனேன். பின்னால் அவன் சொங்கோக் காற்றில் பறந்து கானில் விழுந்திருக்கிறது. குனிந்து எடுக்கப் போயிருக்கிறான். கரை சரிந்துவிட்டது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது சத்தம் மட்டும்தான். அப்புறம் அவன் குரல்.

"மச்சான், கையக் குடு."

திரும்பினேன். கரைப் புல்லுக்கு மேலே அவன் தலையும் தோளும் தெரிந்தன. இடுப்புவரை சேற்றில் நிற்கிறான் என்று பட்டது. சிரிக்கவில்லை. நான் நின்ற இடத்திலிருந்தே அரபில் கேட்டேன்.

"மா ஹாதா?"

இது என்ன என்று பாடத்துக் கேள்வியை அவனிடம் கேட்டேன். எத்தனையோ இரவுகள் இதை வேறு மாதிரி நினைவுபடுத்திப் பார்க்க முயன்றிருக்கிறேன், முடியவில்லை. அவன் மறுபடியும் தமிழில், இன்னும் மெதுவாக, கையக் குடு என்றான். உதவி என்பதற்கு அரபுச் சொல் அவனுக்குத் தெரியாது. எங்கள் பாடத்தில் அந்தச் சொல் கிடையாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் திரும்பி நடந்தேன். பாலத்துக்குக்கூடப் போகவில்லை, வேறு வரப்பு வழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். விட்டுட்டு வந்தியா என்று அத்தா கேட்டார். விட்டுட்டு வந்தேன் என்றேன். அது பொய்யும் இல்லை.

அந்திக்கு, மஃரிப் தொழுகை முடிந்த நேரத்தில், மாமி கடை வாசலில் வந்து நின்றார். உடம்பு காய்ச்சலில் ஆடிக்கொண்டிருந்தது. பையன் வரவில்லை என்றார். பாலத்தில் விட்டேன் என்றேன் நான். அதே நேரத்தில் தோட்டத்து ஜாகா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். அவர் லயத்துக்காரர், வயதானவர், இரவுக் காவல் பார்த்துப் பழகியவர். வந்தவர் சைக்கிளை அப்படியே கீழே விட்டார். கான் பக்கம் ஏதோ பேசுகிறது, வெளியூர்ப் பாஷை என்றார். அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"பேசுது, அப்புறம் நிக்குது. யாரோ சொல்றதக் கேக்குற மாதிரி நிக்குது. அப்புறம் அதுக்குப் பதில் சொல்லுது. சொல்ற ஆளோட குரல் மட்டும் எனக்குக் கேக்கல லா."

அவர் முதலில் அதைக் கேட்டது வெளிச்சம் இருக்கும்போதே. கிட்டே போகாமல் ஆள் கூட்டிவரத் திரும்பியிருக்கிறார். அதற்காக யாரும் அவரைக் குறை சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன்.

அத்தா கடையை மூடினார். டார்ச் லைட்டோடு ஏழெட்டுப் பேர் போனோம். நானும் போனேன், போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். செம்பனை மட்டைகளுக்கு அடியில் இருட்டு கெட்டியாக இருந்தது. தவளைச் சத்தம். நடந்துகொண்டே இருந்தபோது அத்தா கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார்.

நலம், அல்ஹம்துலில்லாஹ், நீ எப்படி இருக்கிறாய், என்றது ஒரு குரல், அரபில்.

அழுகையே இல்லாத குரல். வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி, வார்த்தைக்கு வார்த்தை மரியாதையாக. பிறகு அமைதி. நானும் நலம் என்று சொல்ல எடுக்கும் நேரம் எவ்வளவோ அவ்வளவு அமைதி. அதன் பிறகும் கொஞ்சம் அமைதி. இது கதவு, என்றது குரல். அமைதி. இவன் என் நண்பன். அமைதி. பையன் வீட்டில் இருக்கிறான்.

ஆட்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். அத்தா வாய்க்குள், காவலுக்கு ஓதுகிற ஆயத்துல் குர்ஸியை ஓத ஆரம்பித்தார். எனக்கு மட்டும் பயம் வேறு மாதிரி இருந்தது. அந்த அமைதிகள் ஒவ்வொன்றிலும் என்ன கேள்வி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் பயந்த மாதிரி அவன் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜின்னோடு பேசவில்லை. என்னோடு பேசிக்கொண்டிருந்தான். தமிழில் கூப்பிட்டு நான் போய்விட்டதால், நான் கேட்கக்கூடிய மொழியில், தனக்குத் தெரிந்த அத்தனையையும் சொல்லிச் சொல்லி, என்னைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். என் முறை வரும்போதெல்லாம் என் உதடு தானாக அசைந்தது. சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன்.

எங்களில் யாரும் அசையவில்லை. மாமி மட்டும் எங்களை விலக்கிக்கொண்டு நேராகக் கானுக்குள் இறங்கினார். அந்த மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவர் அவர். ஆனால் குரல் தெரியும்.

மார்புவரை புதைந்திருந்தான். கரை வேர் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்த கையைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. உடம்பெல்லாம் அட்டை. லயத்து விளக்கு வெளிச்சத்தில் வெந்நீர் ஊற்றிக் கழுவியபோது கண்ணைத் திறந்து எல்லாரையும் பார்த்தான். வஅலைக்குமுஸ்ஸலாம் என்றான்.

அதற்குப் பிறகு அவன் தமிழ் பேசவில்லை. காய்ச்சல் இறங்கியது, சாப்பிட்டான், நடந்தான், நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். ஆனால் வாயைத் திறந்தால் அந்த ஐந்தாறு பதில்கள்தான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு எதையோ கேட்பான். கேட்டு முடித்ததும் பதில் சொல்வான். இவன் என் நண்பன் என்று சொல்லும்போது மட்டும் தன் இடது பக்கத்துக் காலி இடத்தைக் கையால் காட்டுவான். வகுப்பில் நான் உட்காருவது அந்தப் பக்கம்தான்.

மழை விடுமுறை, உஸ்தாஸ் கிளந்தானில். வகுப்புப் பிள்ளைகளை, ஜின்னுக்குப் பயந்து, வீட்டார் லயத்துப் பக்கம் விடவில்லை. அரபு தெரிந்தவன் என்று நான் ஒருவன்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தேன். மாமி ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். லயத்து வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. திடீரென்று அரபு பேசுகிற பிள்ளை என்று கேள்விப்பட்டு, தோட்டத்து இந்து சனங்களும் ஊர் முஸ்லிம்களும் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் இது கதவு என்பான். அவர்கள் மூடியை இறுக்கிக்கொண்டு பயபக்தியோடு எழுந்து போவார்கள். ஒரு அம்மாளுக்கு அந்தத் தண்ணீரால் முட்டிவலி போனதாகக்கூடச் சொன்னார்கள்.

புள்ள என்ன சொல்லுது தம்பி என்று மாமி கேட்டார். நலமாக இருக்கிறேன் என்கிறான் என்றேன். இப்ப என்ன சொல்லுது என்றார். பையன் வீட்டில் இருக்கிறான் என்கிறான் என்றேன். யார்கிட்டப் பேசுது என்றார். தெரியாது மாமி என்றேன். அன்று நான் சொன்னவற்றில் அந்தக் கடைசிப் பதில் ஒன்றுதான் பொய்.

மாமா லோரியை விட்டுவிட்டு வந்துசேர்ந்த அன்று எங்கள் வீட்டு மாடியில் பெரியவர்கள் கூடினார்கள். பையனையும் கூட்டிவந்து நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். கெடாவில் ஒரு பொண்டோக் இருக்கிறது, பிள்ளைகள் தங்கி ஓதுகிற பழைய மதரசா, அங்கே இந்த மாதிரி விஷயங்களுக்குப் பார்ப்பார்கள், கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார் அத்தா. எத்தனை காலம் என்று மாமா கேட்டார். வளரும்வரைக்கும் அங்கேயே இருக்கட்டும், அந்த லயத்தில் இருந்தால் மறுபடியும் ஜின் பிடிக்கும் என்றார் அம்மா. மாமா தலையைக் குனிந்துகொண்டார். ஆக முடிவாகிவிட்டது. மறுநாள் விட்டு மறுநாள் பஸ்.

மாமி படிக்கட்டுப் பக்கம் நின்றிருந்தார். "புள்ளைய நான் அனுப்பமாட்டேன்" என்றார். சத்தமாகத்தான் சொன்னார். யாரும் திரும்பவில்லை. கிள்ளானில் பஸ் மாறவேண்டுமா என்று அத்தா மாமாவிடம் கேட்டார். மாமி அதையே இன்னொரு முறை சொன்னார். அம்மா தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார்.

நான் சொல்லிவிட்டேன். "அவன் ஜின்கிட்டப் பேசல. என்கிட்டதான் பேசுறான்."

அத்தா எழுந்தார், அடிக்க வருகிறார் என்றுதான் நினைத்தேன். நான் போய் அவனுடைய இடது பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் ஏற்கெனவே தலையைச் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தான். அந்த அமைதிக்குள் என் கேள்வியைச் சொன்னேன். பதில் சொன்னான். அடுத்த கேள்வியைச் சொன்னேன். அதற்கும் சொன்னான். பூட்டுக்குள் சாவி போவது போல ஒவ்வொன்றும் பொருந்திப் போனதை அந்த அறையே பார்த்தது. கேட்டு முடித்ததும் பெரியவர்களுக்குப் புரிந்தது. பாடம். வெறும் பள்ளிக்கூடப் பாடம். பயத்தில் பிள்ளைக்கு அதுவே வாயில் நின்றுவிட்டது.

அத்தா என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறான் பாரு என்றார் மாமாவிடம். கெடா பேச்சு அதோடு நின்றுபோனது. பிள்ளை காப்பாற்றப்பட்டான், நான் கெட்டிக்காரன் ஆனேன். பின்னால் விடுமுறை முடிந்து வந்த உஸ்தாஸும் இதைக் கேள்விப்பட்டு, ஜோடி முறை எவ்வளவு ஆழமாக வேலை செய்கிறது என்பதற்கு இதை எல்லாரிடமும் சொன்னார்.

மாமி மட்டும் படிக்கட்டிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது விழுந்தப்ப நீ எங்க இருந்த தம்பி?"

மெதுவாகத்தான் கேட்டார். எனக்குக் கேட்டது. மற்றவர்களுக்கும் கேட்டிருக்கும். ஒருவரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை. அவர் மேல் கண்ணை வைத்துக்கொண்டே அவரைத் தாண்டிச் சுவரைப் பார்த்தேன். அந்த முகம் எனக்கு ஏன் அத்தனை சுலபமாக வந்தது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. உஸ்தாஸ் விதி சொல்வதற்கு ரொம்ப காலத்துக்கு முன்பே அதை எங்கள் வீட்டில், மாமி வாய் திறந்த போதெல்லாம், நான் பார்த்துப் படித்திருந்தேன்.

மாமி அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவே இல்லை. மறுநாள் கடையின் பின்பக்கம் வந்தார். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நான் உட்கார்ந்திருந்தேன்.

"சொல்லிக் குடு தம்பி. உன் பங்கு என்னவோ அத மட்டும் சொல்லிக் குடு."

ஓதல் வராத பெண் என்று எங்கள் வீட்டில் சொல்லப்பட்டவர் அவர். அந்த விடுமுறை முழுவதும் வேலைக் களைப்போடு வந்து, மூட்டை மேல் உட்கார்ந்து, என் கேள்விகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டு உருட்டினார். அடித்தொண்டையிலிருந்து வரவேண்டிய எழுத்து அவருக்கு வரவே இல்லை. பரவாயில்லை மாமி, வகுப்பில் பாதிப் பேருக்கு வராது என்றேன். அவனுக்கு வருமா என்று கேட்டார். வரும் என்றேன். அதற்கு மட்டும் சிரித்தார். நான் அவரைத் திட்டவில்லை, அவசரப்படுத்தவில்லை, தமிழில் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அதுதான். அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதை அவன் தாய்க்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நடந்தது நான் பார்த்ததல்ல, மாமா எங்கள் வீட்டில் சொன்னது. மாமி கீரை ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ அவனிடம் என் கேள்விகளைக் கேட்பாராம். அவன் பதில் சொல்வானாம். தலையைச் சாய்த்துக் காலி இடத்தைக் கேட்பது நின்றுவிட்டது, தாய் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னான். அப்புறம் ஒருநாள், எப்படி இருக்கிறாய் வரவேண்டிய இடத்தில், அதே தொனியில், பசிக்குதா என்று கேட்டிருக்கிறார். அவன் நலம் என்றானாம். அவர் விடவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு கேள்வியைத் தமிழில் உள்ளே வைத்தார். பள்ளி திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், பசிக்குதா என்றதற்கு, இல்லம்மா, நாய்க்குட்டிக்குத்தான் பசிக்குது என்றான். மாமி அடுப்பங்கரைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாராம்.

பள்ளி திறந்த அன்று பாலத்தில் போய் நின்றேன். தோட்டத்துப் பிள்ளைகளோடு கத்திப் பேசிக்கொண்டு வந்தான். தமிழ், மலாய், எல்லாம் பழையபடி. மச்சான் என்று கூப்பிட்டேன். நிற்கவில்லை. முன்னால் போய் மறித்துக்கொண்டு, மன்னிச்சிரு, நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு என்றேன். வழியில் நட்டிருக்கிற கட்டையைச் சுற்றிப் போவது போல என்னைச் சுற்றிக்கொண்டு போனான். முகத்தில் கோபம் இல்லை. நான் சொன்னது காதில் விழுந்த அடையாளமே இல்லை. கடைசியில் அவன் முதுகைப் பார்த்து அஸ்ஸலாமு அலைக்கும் என்றேன். உடனே நின்றான். திரும்பிப் புன்னகையோடு பதில் சலாம் சொன்னான். தலையைக் கொஞ்சம் சாய்த்து, என் அடுத்த கேள்விக்காகக் காத்தான்.

என் மேல் கோபம், நோன்புப் பெருநாளைக்குள் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

நான் அரபு படித்தேன். அதையே தொழிலாகவும் கொண்டேன், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பல வருஷம் கற்பித்தேன். மாணவர்களை ஜோடி ஜோடியாக உட்காரவைத்துப் பேசப் பழக்கினேன், அந்த முறை நல்ல முறை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் என் வகுப்பில் விதி வேறு. உன் ஜோடி எந்த மொழியில் கேட்டாலும் முதலில் பதில் சொல், அப்புறம் திருத்து. இவரிடம் படித்தால் பிள்ளைகள் மலாயை விடமாட்டார்கள் என்று கூட வேலை பார்த்தவர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதும் உண்மைதான்.

அத்தா மௌத்தாகி அடக்கம் ஆன பிறகு, மாமியிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்போது மகனோடு பத்தாங் காலியில் இருந்தார், பார்வை மங்கிவிட்டது. கேட்டுமுடித்துவிட்டு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"தெரியும் தம்பி. தெரிஞ்சுதான அன்னைக்கே கேட்டேன். எனக்குச் சொல்லி என்ன லா. அவன்கிட்ட சொல்லு."

அவனிடம் சொல்வதற்கு மாமி இறந்து இன்னும் பல வருஷம் ஆனது. இடையில் எத்தனையோ கல்யாணங்களில், மௌத்து வீடுகளில் அவனைப் பார்த்திருக்கிறேன். எல்லாரிடமும் தமிழில் பேசிச் சிரிப்பான். என்னிடம் பாடம்தான். அவன் பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டு என்று நினைத்து வளர்ந்தார்கள்.

சென்ற பெருநாளைக்குப் பத்தாங் காலிக்குப் போனேன். அவன் தன் டயர் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருக்கிறான். மச்சானுக்குத் தேத்தண்ணி குடு என்று மனைவியிடம் சொன்னான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். தமிழில் ஆரம்பித்தேன். காற்று, சொங்கோக், கரை, அவன் கூப்பிட்டது, நான் திரும்பிப் பார்த்தது, நான் கேட்ட கேள்வி, வரப்பு வழி. ஒன்றையும் விடவில்லை. அவன் மனைவி தேத்தண்ணித் தட்டைக் கையில் வைத்தபடியே நின்று அழுதார். அவன் பலகாரத் தட்டை என் பக்கம் நகர்த்தினான். நான் முடித்ததும் மனைவியைப் பார்த்தான்.

"மச்சான் ஏன் வந்ததுல இருந்து பேசாம உக்காந்திருக்காரு?"

வேண்டுமென்றே சொன்னானா என்று அவன் முகத்தில் தேடினேன். ஒன்றும் இல்லை. அந்த முகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அதில் நடிப்பு இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

அப்போது அரபில் சொன்னேன். வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த அரபு. நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது, நான் உன்னை விட்டுப் போனேன், என்னை மன்னித்துவிடு. தப்பில்லாத, நல்ல அரபு. அவன் தலையைச் சாய்த்து ஆவலாகக் கேட்டான். அவன் காதில் விழுந்தது என்பது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அவனுக்கு அதில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவனுக்குத் தெரிந்த அரபு நான் சொல்லிக் கொடுத்த அளவுதான். தனக்குத் தெரிந்த கேள்வி எப்போது வரும் என்று பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தான்.

"கைஃப ஹாலுக?" என்று கேட்டேன்.

முகம் மலர்ந்துவிட்டது. நலம், அல்ஹம்துலில்லாஹ், நீ எப்படி இருக்கிறாய் என்றான். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான், என் முறைக்காக. அந்த இடத்தில் என் பங்குக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் உண்டு. பதினொரு வயதில் அதை மனப்பாடம் செய்தபோது, ஒரு மனிதனிடம் சாகும்வரை இதைத் தவிர வேறொன்றும் சொல்ல முடியாமல் போகும் என்று எனக்குத் தெரியாது.

நானும் நலம் என்றேன்.